கோர்டன் ஏன் திரும்பவில்லை

கோர்டன் ஹெப்வொர்த் இறந்த ஒன்பதாம் நாள் அரசுச் சுரங்க நிர்வாகத்தின் விபத்து அறிக்கை தபாலில் வந்தது. இரண்டு பக்கம். அவன் மனைவி ஐரிஸ் அதில் ஒரே ஒரு வரிக்குப் பென்சிலால் அடிக்கோடு போட்டாள்: ‘உடன் வேலை செய்தவர் உரத்த குரலில் எச்சரித்தும் இறந்தவர் அதைப் பொருட்படுத்தவில்லை.’

கூரை ஏன் விழுந்தது, அந்த இடத்தில் யார் வேலையைத் தொடங்கச் சொன்னது என்றெல்லாம் அவள் கேட்கவில்லை. கோர்டன் வீட்டைப் பூட்டினால் இரண்டு முறை இழுத்துப் பார்க்கிறவன். அப்படிப்பட்டவன் பூமிக்கு அடியில் எழுநூறு மீட்டர் ஆழத்தில் ‘ஓடு’ என்ற சத்தம் கேட்டும் அசட்டையாக நின்று செத்தான் என்று அரசாங்கத் தாளில் இருக்கக் கூடாது. அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான். மரண விசாரணைக்கு மூன்று வாரம் இருந்தது. அந்த வரியை நீக்கவோ நிலைக்கவைக்கவோ ஒருவனால்தான் முடியும்: அந்தச் சத்தத்தைப் போட்ட லெஸ்லி பூத். கோர்டனின் தங்கை டோரீனைக் கட்டியவன்.

ஐரிஸ் நேராகப் போய் அவனிடம் கேட்டிருக்கலாம். நான்கு வீடு தள்ளித்தான் இருந்தாள். ஆனால் இரண்டரை வருடமாக எங்கள் ஊரான ஹாக்ஸ்பியில் யாரும் அந்த வீட்டோடு பேசியதில்லை. லெஸ்லியும் பேசியதில்லை, நானும் பேசியதில்லை.

எண்பத்து நாலு மார்ச்சில் சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தம் தொடங்கி ஒரு வருடம் நடந்தது. கோர்டன் பதினொன்றரை மாதம் எங்களோடு நின்றான். மறியலில் போலீஸ் குதிரை மிதித்து அவன் கால்விரல் இரண்டு உடைந்தது. அதற்குப் பிறகு, பிப்ரவரியில் ஒரு காலை, ஜன்னல்களுக்குக் கம்பிவலை அடித்த பேருந்தில் ஏறி வேலைக்குப் போனான். பதினொரு நாள் கழித்து நாங்கள் எல்லோரும் தோற்று, பேண்டு வாத்தியம் முன்னால் போக, சங்கக் கொடியைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனோம். பதினொரு நாள்தான் வித்தியாசம். ஏன் போனான் என்று அவனை யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டுமென்றால் பேச வேண்டும்.

அவன் வீட்டுச் சுவரில் ‘கருங்காலி’ என்று வெள்ளை பெயின்டில் எழுதியது யாரென்று ஊருக்கே தெரியும். மற்றபடி அவன் மேல் ஒருவரும் கை வைக்கவில்லை. சுரங்கத்தின் பொதுக் குளியலறையில் அவன் நுழைந்தால் பாட்டு நின்றுவிடும். தொழிலாளர் கிளப்பில் வந்து நின்றால் அவனுக்குப் பின்னால் வந்தவனுக்குக் கோப்பை நிரம்பும். கடையில் ஐரிஸ் சாமான்களை எடுத்துவைத்தால் கடைக்காரி விலையைத் தாளில் எழுதி நகர்த்துவாள். நான் சுரங்கத்தின் விளக்கு அறையில் இருந்தேன். ஷிப்டு தொடங்கும்போது ஒவ்வொருவனுக்கும் தொப்பி விளக்கைக் கொடுத்து, ‘பாத்துப் போ’ என்று சொல்லி அனுப்புவது வழக்கம். கோர்டனுடையதை மேசையில் வைத்துவிட்டு அவனுக்குப் பின்னால் நிற்பவனைப் பார்ப்பேன்.

இதற்கெல்லாம் நாங்கள் பெயர் எதுவும் வைக்கவில்லை. ‘அவன்கூட பேச்சு இல்ல’ என்போம்.

எண்பத்தாறு இலையுதிர்காலத்தில் மேலாளர், தாங்கிகளை எடுக்கும் குழுவில் கோர்டனைப் போட்டார். நிலக்கரியை வெட்டி முடித்த பிறகு கூரையைத் தாங்கி நின்ற இரும்புத் தாங்கிகளை ஒவ்வொன்றாக உருவி வெளியே இழுக்க வேண்டும். எடுக்க எடுக்கப் பின்னால் கூரை இடிந்து விழும். விழ வேண்டியதுதான். ஆள் மட்டும் அங்கே இருக்கக் கூடாது. மூன்று பேர் வேலை அது. ஒருவன் உள்ளே போய்த் தாங்கியில் சங்கிலி மாட்டுவான். ஒருவன் தள்ளி நின்று விஞ்சு இயந்திரத்தால் இழுப்பான். இருவருக்கும் நடுவே நிற்கும் மூன்றாமவனுக்குக் காதுதான் வேலை. கூரை விழுவதற்கு முன் முனகும், நெறிபடும், சரளை கொட்டும். அதைக் கேட்டதும் அவன் கத்த வேண்டும். கத்தினால் மற்றவர்கள் எதையும் கேட்காமல் ஓட வேண்டும்.

சங்கிலி கோர்டனுக்கு. விஞ்சு கிளைவ் ரட்டுக்கு. காது லெஸ்லிக்கு.

பேசாமல் இந்த வேலையை எப்படிச் செய்வது என்று கிளப்பில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் முழுக்க விவாதம் நடந்தது. சங்கக் கிளைச் செயலாளர் நெவில் கார்ட்லெட்ஜ்தான் தீர்ப்பு சொன்னார்.

“விளக்கு பேச்சுல சேராது,” என்றார். “தலைய ஆட்டுனா ஆட்டுனதுதான். அதுல என்ன இருக்கு?”

சுரங்கத்தில் தொப்பி விளக்கால் சைகை காட்டுவது பழைய வழக்கம்தான். ஒளியைப் பக்கவாட்டில் ஆட்டினால் நிறுத்து. மேலும் கீழும் ஆட்டினால் இழு. வட்டம் போட்டால் வெளியே வா. இயந்திரச் சத்தத்தில் குரல் கேட்காதபோது எல்லோரும் அப்படித்தான் செய்வோம். லெஸ்லியும் கிளைவும் கோர்டனுக்காக அதையே முழுநேர மொழி ஆக்கினார்கள். ஒரு வருடம் ஒரு பிசகும் இல்லை. அந்தப் பகுதியில் தாங்கிகளை வேகமாக எடுத்த குழு அதுதான் என்று மேற்பார்வையாளர் பராக்ளோவே சொல்லியிருக்கிறார். இயந்திரம் நின்றிருந்த நேரத்திலும், ஆறடி தூரத்திலும், லெஸ்லி மச்சானிடம் தலையைத்தான் ஆட்டினான்.

எண்பத்தேழு அக்டோபர் பதினான்காம் தேதி காலை பத்தேகாலுக்கு லெஸ்லி கூரை முனகும் சத்தத்தைக் கேட்டான். இயந்திரம் நின்றிருந்தது. கோர்டன் அவனுக்கு முதுகைக் காட்டிக் குனிந்து சங்கிலி மாட்டிக்கொண்டிருந்தான். லெஸ்லி வட்டம் போட்டான். ஒளி கோர்டனின் முதுகில் சுற்றியது. மறுபடி வட்டம் போட்டான். மூன்றாவது வட்டம் பாதியில் இருக்கும்போதுதான் கத்தினான். “ஓடு!” அவனுக்குப் பின்னால் கிளைவ் தாவி ஓடினான். கோர்டன் தலையைக் கொஞ்சம் நிமிர்த்தினான், திரும்பவில்லை. மறுபடி சங்கிலியைப் பிடித்தான். கூரை விழுந்தது.

இறுதி ஊர்வலத்தன்று தெருவில் எல்லா வீட்டுத் திரைச்சீலைகளும் மூடியிருந்தன. சுரங்கத்தில் யார் செத்தாலும் மூடுவோம், மரியாதைக்கு. மூடிவிட்டு வாசலில் வந்து தொப்பியைக் கழற்றி நிற்போம். அன்று மூடிவிட்டு யாரும் வாசலுக்கு வரவில்லை. கார் மெதுவாகப் போனது. ஐரிஸ் கண்ணாடி வழியே ஒவ்வொரு ஜன்னலாகப் பார்த்துக்கொண்டே போனாள்.

விசாரணைக்கு நான்கு நாள் இருக்கும்போது நெவில் லெஸ்லி வீட்டுக்குப் போனார். அங்கே நடந்ததை டோரீன் பிறகு என் மனைவியிடம் சொன்னாள். நெவில் தட்டச்சு செய்த ஒரு தாளைச் சமையலறை மேசையில் வைத்தார்.

“வாக்குமூலம். நீயா திணற வேண்டாம் பாரு. படிச்சுட்டுக் கையெழுத்துப் போடு மாப்ள.”

லெஸ்லி படித்தான். “‘சத்தம் கேட்ட உடனே குரல் கொடுத்தேன்’னு போட்டிருக்கு.”

“ஆமா.”

“உடனே குடுக்கல நெவில். மொதல்ல விளக்க ஆட்டுனேன். நாலு செகண்ட் இருக்கும்.”

“யாருடா அங்க கடிகாரம் புடிச்சுட்டு நின்னா?”

“அவன் முதுகக் காட்டிட்டு இருந்தான். முதுகுக்கு ஆட்டுனேன்.”

நெவில் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். “இங்க பாரு. நாலு செகண்டுன்னு சொல்லுவ. ஏன்னு கேப்பாங்க. பேச்சு இல்லன்னு சொல்லுவ. மறுநாள் பேப்பர்ல என்ன வரும்? ‘ஹாக்ஸ்பி ஆளுங்க கூட வேலை செஞ்சவனைப் பேசாமலே கொன்னாங்க’ன்னு வரும். மூடுற லிஸ்ட்ல நம்ம சுரங்கம் இருக்கா இல்லையான்னு அவனவன் வயித்துல நெருப்பைக் கட்டிட்டு இருக்கான். அறுநூறு குடும்பம். நாம அப்படிப்பட்ட ஆளுங்கன்னு நீயே போய் எழுதிக் குடுக்கப் போறியா?”

“அப்போ அந்த வரி? அவன்தான் பொருட்படுத்தலன்னு இருக்கே.”

“அது பாட்டுக்கு இருக்கட்டும். செத்தவனுக்கு என்ன ஆவப் போவுது?”

அடுப்புப் பக்கம் நின்றிருந்த டோரீன் திரும்பினாள். “அவன் எங்க அண்ணன்.”

“ரெண்டரை வருஷமா உனக்கு அண்ணன் இருந்தானா டோரீன்?” என்றார் நெவில். கத்தவில்லை. நிஜமாகவே சந்தேகம் கேட்பது போலத்தான் கேட்டார்.

டோரீன் மறுபடி அடுப்புப் பக்கம் திரும்பினாள். நெவில் தாளை அங்கேயே வைத்துவிட்டுப் போனார். அவர் கெட்டவர் இல்லை. வேலைநிறுத்தத்தில் அவருடைய வீட்டுச் சாமான்கள்தான் முதலில் அடகுக்குப் போயின. அறுநூறு குடும்பத்தை அவர் பொய்யாகச் சொல்லவில்லை.

அந்த நான்கு நாளும் லெஸ்லி வேலைக்கு வந்தான். ஒரு நாள் என்னிடம் விளக்கை வாங்கும்போது, “நீயும் வரணுமாமே விசாரணைக்கு?” என்று கேட்டான். அன்றைக்குக் கோர்டனின் விளக்கு சரியாக இருந்ததா என்று சொல்ல எனக்கும் அழைப்பு வந்திருந்தது.

“வரணும்.”

“விளக்கு நல்லா இருந்துச்சுன்னு சொல்லுவியா?”

“நல்லாத்தானே இருந்துச்சு.”

“ஆமா,” என்றான். “என்னோடதும் நல்லாத்தான் இருந்துச்சு.” விளக்கைத் தொப்பியில் மாட்டிக்கொண்டு போய்விட்டான்.

விசாரணை நகரத்தில், நகரமன்றத்தின் மாடி அறையில் நடந்தது. விசாரணை அதிகாரி வயதான வக்கீல். எல்லாவற்றையும் தன் கையாலேயே எழுதிக்கொள்கிறவர். அதனால் ஒவ்வொரு பதிலுக்குப் பிறகும் பேனா ஓடி முடியும்வரை நாங்கள் காத்திருக்க வேண்டியிருந்தது. முன்வரிசையில் ஐரிஸ் தனியாக உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு இருபுறமும் மூன்று மூன்று நாற்காலிகள் காலி. நாங்கள் வழக்கம்போல் பின்னால் போய் உட்கார்ந்திருந்தோம். அப்படி உட்கார்ந்ததைக்கூட நான் கவனிக்கவில்லை, அதிகாரி நிமிர்ந்து அந்தக் காலி நாற்காலிகளைப் பார்க்கும்வரை.

நான் விளக்கைப் பற்றிச் சொன்னேன். பராக்ளோ வரைபடத்தைக் காட்டினார். பிறகு லெஸ்லி. நெவில் கொடுத்த தாள் அவன் கையில் இல்லை.

“சத்தத்தைக் கேட்டதும் என்ன செஞ்சீங்க, மிஸ்டர் பூத்?”

“விளக்க ஆட்டுனேங்க.”

“அறிக்கையில குரல் கொடுத்ததா இருக்கே.”

“அது அப்புறம். ரெண்டு வட்டம் முழுசாப் போட்டு, மூணாவது பாதியில.”

பேனா ஓடியது. “எவ்வளவு நேரம்?”

“நாலு செகண்டுங்க. வீட்டுல செஞ்சு பாத்தேன்.”

“அவர் உங்களைப் பாத்துட்டு இருந்தாரா?”

“இல்லைங்க. முதுகு இந்தப் பக்கம்.”

“அப்போ எதுக்கு விளக்கு? இயந்திரமும் ஓடல. வாய் இருக்கே.”

“பழக்கம்.”

“யாரோட பழக்கம்?”

லெஸ்லி தொப்பியைக் கைமாற்றினான். “அவன்கூட எங்களுக்குப் பேச்சு இல்லைங்க.”

அறையில் யாரோ நாற்காலியை நகர்த்தினார்கள். அதிகாரி எழுதாமல் பேனாவைப் பிடித்தபடி இருந்தார். “அவரைத் தவிர்த்தீங்கன்னு எழுதிக்கட்டுமா?”

லெஸ்லி யோசித்தான். “தவிர்க்கிறதுன்னா, ஐயா, நாய் நின்னா வேற பக்கமாப் போறது. நாங்க விலகிப் போகல. ஒரே லிஃப்டுல தோள் இடிக்கத்தான் இறங்குவோம். அவன் அங்க இல்லாத மாதிரி நிப்போம்.”

“அதை ஒதுக்கிவைக்கிறதுன்னு சொல்லுவாங்க.”

“நாங்க அப்படிச் சொன்னதில்லைங்க.”

“சொல்லியிருக்க மாட்டீங்க. எழுதினா ஒத்துக்குவீங்களா?”

பின்னாலிருந்து நெவில் இருமினார். லெஸ்லி அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

“எழுதுங்க.”

“நீங்க மட்டும்தானா?”

“எல்லாரும்.”

பேனா ஓடியது. அதுவரை எந்தப் பதிலுக்கும் அது அவ்வளவு நேரம் ஓடியதில்லை.

மத்தியானம் முடிவைப் படித்தார். விபத்தால் நேர்ந்த மரணம். எச்சரிக்கை உரிய நேரத்தில் இறந்தவரை எட்டியதாகக் கருத ஆதாரம் இல்லை. ஆகவே அவர் அதைப் பொருட்படுத்தவில்லை என்ற வாசகம் நீக்கப்படுகிறது. ஒதுக்கிவைத்ததைப் பற்றி ஒரு வாக்கியம் சேர்த்தார்; அது சட்டத்தின் எல்லைக்குள் வராது என்று இன்னொரு வாக்கியம் சேர்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி உறையில் போட்டார்.

ஹாக்ஸ்பிக்கு மூன்றரை மணி பேருந்து ஒன்றுதான். எல்லோரும் அதில்தான் திரும்பினோம். ஐரிஸ் முன்னால் ஏறி உட்கார்ந்தாள். டோரீன் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். லெஸ்லி அவர்களுக்குப் பின் இருக்கையில். அவனுக்குப் பின்னால் நான். பேருந்து நகரத்தைத் தாண்டியது.

பிறகு லெஸ்லி முன்னால் குனிந்தான். “ஐரிஸ்.”

அவள் திரும்பவில்லை. ஆனால், “சொல்லு,” என்றாள்.

“மொதல்லயே கத்தியிருந்தா...”

“திரும்பியிருக்க மாட்டான்.”

அவள் குரலில் கோபம் இல்லை. பேசிப் பழக்கம் விட்டுப்போனவர்களுக்கு வருவது போல், சொற்களுக்கு நடுவே இடைவெளி இருந்தது.

“ஆரம்பத்துல யாராவது எங்கயாவது சத்தம் போட்டா திரும்புவான். ‘டேய்’னு கூப்பிட்டா அவனத்தான்னு நெனச்சுக்குவான். திரும்பினா, கூப்பிட்டவன் வேற யாரையோ பாத்துட்டு இருப்பான். சுத்தி நிக்கிறவனுங்க சிரிப்பானுங்க. வந்து எங்கிட்ட சொல்லுவான். இன்னிக்கு நாலு தடவை திரும்பிட்டேன், இன்னிக்கு ரெண்டு தடவைதான்னு. அப்புறம் ஒரு நாள் வந்து, இன்னிக்கு ஒரு தடவைகூடத் திரும்பலடின்னான். ஏதோ குடிய விட்டவன் மாதிரி சந்தோஷப்பட்டான்.”

டோரீன் அழத் தொடங்கினாள்.

“நீ எதுக்கு அழற?” என்றாள் ஐரிஸ். “நான் உனக்குக் கதை சொல்லல. அவனுக்குச் சொல்றேன்.” லெஸ்லிக்கு என்று தலையைச் சற்றே சாய்த்தாள். “உன் குரலக் கேட்டிருப்பான். கேக்காம இருக்க மாட்டான். ஆனா யாரோ கிளைவைக் கூப்பிடுறாங்கன்னு நெனச்சிருப்பான்.”

“அப்போ அந்த வரி...” என்றான் லெஸ்லி.

“பொய் இல்லதான். அவன் பொருட்படுத்தலதான்.” அவள் ஜன்னல் பக்கம் பார்த்தாள். “ஆனா அதை எழுதுற யோக்கியதை அந்த நிர்வாகத்து ஆளுங்களுக்குக் கெடையாது. அதான் எடுக்கணும்னு நெனச்சேன்.”

கொஞ்சம் பொறுத்து, “உன்னப் பத்தி நல்லாத்தான் சொல்லுவான்,” என்றாள். “கிளைவ் விளக்க ஆட்டுனா கட்டளை மாதிரி இருக்கும், லெஸ் ஆட்டுனா ஏதோ சொல்ற மாதிரி இருக்கும்பான். ஒரு நாள் வந்து, இன்னிக்கு லெஸ் பேசப் பாத்தான், வாய் வரைக்கும் வந்துருச்சுன்னான். நெஜமா?”

பேருந்து கரி மண்மேட்டைச் சுற்றித் திரும்பியது.

“இல்ல,” என்றான். “கொட்டாவி விட்டிருப்பேன்.”

ஐரிஸ் தலையசைத்தாள். அவனிடம் ஆறுதலுக்கு ஒரு பொய்யை வாங்கிக்கொள்ள அவள் வரவில்லை என்று எனக்குப் பட்டது. ஆனால் அது என் எண்ணம். அவள் முகம் எனக்குத் தெரியவில்லை. சந்தைத் திடலில் இறங்கினாள். டோரீனும் அவளோடு இறங்கி, ஓர் அடி பின்னால் நடந்து போனாள். வீட்டுக்குள் விட்டாளா என்று தெரியாது.

அன்று மாலை லெஸ்லி கிளப்புக்கு வந்தான். வருவானா என்று நாங்கள் எல்லோரும் கதவைப் பார்த்தபடிதான் இருந்தோம். அவனை என்ன செய்வது என்று யாரும் பேசி வைத்துக்கொள்ளவில்லை. அவன் உள்ளே வந்து நின்றதும் நெவில் எழுந்து தன் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டார்.

“வா மாப்ள. உக்காரு. நின்னு நின்னு கால் வலிச்சிருக்கும்.”

கிளைவ் போய் பீர் வாங்கி அவன் முன்னால் வைத்தான். நுரை மேசையில் வழிந்தது. யாரோ சிகரெட் நீட்டினார்கள். ஊர் அவனிடம் கோபப்படவில்லை. எப்போதையும்விட அன்பாகவே இருந்தது. புதிதாக வரப்போகும் ஷிப்டு நேரத்தைப் பற்றிப் பேசினோம். பராக்ளோவின் கார் கிளம்பாமல் நின்றதைச் சொல்லிச் சிரித்தோம்.

லெஸ்லி பாதிக் கோப்பையில் நிமிர்ந்தான். “பஸ்ஸுல ஐரிஸ் ஒண்ணு சொன்னா,” என்று ஆரம்பித்தான். “அவன் ஏன் திரும்பலன்னா...”

கிளைவ் என் பக்கம் திரும்பி, சனிக்கிழமை ஆட்டத்துக்கு மழை வருமா என்று கேட்டான்.

வரும் என்று சொன்னேன்.